தீர்த்தத் தொட்டியும் கம்பஸ் படிப்பும்

நான் எட்டாம் வகுப்போடு கடலுக்குப் போனவன். எங்கள் கரையிலுள்ள சின்னக் கத்தோலிக்கக் கோயிலைக் கூட்டுவதும், வாசலில் இருக்கும் தீர்த்தத் தொட்டியைப் பார்ப்பதும் என் பொறுப்பு. சண்டை முடிந்து பாதை திறந்த பிறகு மகள் யாழ்ப்பாணத்தில் கம்பஸுக்கு, அதாவது பல்கலைக்கழகத்துக்கு, போனாள். படிப்பு விஞ்ஞானம். போகும்போது அவளுடைய அம்மா அந்தத் தொட்டியிலிருந்து ஒரு போத்தல் தீர்த்தம் கொடுத்துவிட்டாள். வயிற்றுக்குத்து என்றாலும் அதில் ஒரு மிடறு குடிப்பது எங்கள் வீட்டு வழக்கம்.

முதல் லீவுக்கு வந்தவள் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னாள்.

"அப்பா, அந்தத் தீர்த்தத்தைக் குடிக்காதீங்க. மைக்கிறஸ்கோப்புல வச்சுப் பாத்தன். உசிர் உசிரா ஓடுது."

மனைவி சிலுவை போட்டாள். "படிக்கப் போன பிள்ளை விசுவாசத்தைத் துலைச்சிட்டு வந்திருக்கு. இனி அங்க போக வேணாம்."

எனக்கும் அதே பயம்தான். நாளைக்கு டிகிரியோடு வந்து ஆண்டவரே இல்லை என்று சொன்னால், நான் எந்த முகத்தோடு கோயிலைக் கூட்டுவது? மறுநாள் காலை அவளை ஃபாதரிடம் கூட்டிக்கொண்டு போனேன். நன்றாகக் கண்டிப்பார் என்று நம்பினேன்.

ஃபாதர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "தொட்டியைக் கடைசியா எப்ப கழுவினீங்க?"

"கழுவிறதோ? பாஸ்காத் திருநாளுக்கு மந்திரிச்ச தண்ணி, ஃபாதர். குறையக் குறையக் கிணத்துத் தண்ணி ஊத்துவன். பழசோட சேர்ந்தாப் புதுசும் தீர்த்தம்தானே."

"எந்த வருசப் பாஸ்கா?"

யோசித்தேன். அது இவருக்கு முன்பிருந்த ஃபாதர் மந்திரித்தது.

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஃபாதர் சிரிக்கவில்லை என்று எழுதினால் எனக்குப் பாவம் வரும். "நான் ஆசீர்வதிக்கிறது தண்ணியை, பாசியை இல்ல. பிள்ளை கண்ணைத் திறந்து பாத்திருக்கிறா. அதுல விசுவாசத்துக்கு என்ன குறை? ரெண்டு பேரும் போய்த் தேச்சுக் கழுவுங்க."

தேய்த்தோம். தொட்டிக்குள் தலையை விட்டபடியே, கேட்க வந்ததைக் கேட்டேன். "அங்க பூசைக்குப் போறியா?"

"ஓம் அப்பா, ஒவ்வொரு ஞாயிறும். அங்க பிரசங்கம் கட்டை, பத்து நிமிசம்தான். இங்க மாதிரி நித்திரை வராது."

அந்தப் பதிலில் பக்தி எவ்வளவு என்று தெரியவில்லை. பொய் இல்லை என்று மட்டும் தெரிந்தது. பொய் சொல்பவள் இன்னும் அழகாகச் சொல்லியிருப்பாள். திங்கட்கிழமை நானே அவளை பஸ் ஏற்றிவிட்டேன்.

இப்போது வீட்டில் தீர்த்தத்தைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்கிறோம். கொதித்தால் ஆசீர்வாதமும் ஆவியோடு போய்விடுமா என்று மனைவிக்குச் சந்தேகம். ஃபாதரிடமே கேள் என்றேன்.

"அவர் மகள்ற கட்சி" என்றாள்.