தறியை விட்டு எழுந்தவள்

ஆரணியில் ஜெயத்தின் தறிச் சத்தம் கேட்காமல் அந்தத் தெருவுக்குப் பொழுது விடியாது. பதினான்கு வயதில் தறிக்குழியில் கால் வைத்தவள், இப்போது அறுபதைத் தொடப்போகிறாள். கணவர் சம்பந்தத்துக்குக் கல்யாணமான புதிதிலேயே முதுகு பிடித்துக்கொண்டது; அன்றிலிருந்து அவர் பாவு நூல் வாங்கி வருவது, புடவையைக் கடையில் கொடுப்பது என்று வெளிவேலையோடு சரி. நெய்வதெல்லாம் இவள்தான்.

அப்பேர்ப்பட்ட ஜெயம் நெசவாளர் பென்ஷன் கேட்டுப் போன இடத்தில், "நீங்க நெசவாளரே இல்லீங்களே" என்றாள் அதிகாரி தீபா.

தலையில் இடி விழுந்தாற்போல் ஆயிற்று. "இன்னாம்மா சொல்றே? அப்ப இத்தினி வருஷமா நான் இன்னா பண்ணிகினு இருந்தேன்?"

"கணக்கெடுக்க வந்தப்ப தறியில ஐயாதாங்க இருந்தாரு. உங்களை வீட்டு வேலைன்னு போட்டிருக்காங்க."

போடாமல் என்ன செய்வார்கள்! வேற்று ஆண்குரல் கேட்டால் பெண்கள் தறியை விட்டு எழுந்து உள்ளே போய்விடுவது அந்தத் தெரு வழக்கம். வீட்டுக்காரர் தறியில் உட்கார்ந்து பேசுவார். அன்றும் அதுதான் நடந்தது.

தீபா நல்ல மனசுக்காரி. "முன்னெல்லாம் வீட்டுக்கு ஒரு பேரு போதும்னு விட்டுட்டாங்க. இப்ப நெய்யறவங்க பேருலதான் எல்லாம். நாளைக்கு வரேன், என் கண்ணு முன்னாடி நெய்ங்க. மாத்திடலாம்."

மறுநாள் ஜெயம் விடிந்ததுமே தறியில் உட்கார்ந்துவிட்டாள். தீபாவோடு படம் எடுக்க ஓர் ஆளும் வந்தார். "வூட்ல யாருங்க?" என்று அவர் வாசலில் குரல் கொடுத்ததுதான் தாமதம்.

அடக் கடவுளே! ஜெயம் அடுப்பங்கரையில் நின்றாள். கையில் பால் பாத்திரம். எப்போது எழுந்தாள், எப்போது நடந்தாள், ஒன்றும் தெரியவில்லை. கால் தன்பாட்டுக்கு வந்திருக்கிறது.

தறிப்பக்கம் சம்பந்தத்தின் குரல் கேட்டது. "வாங்க, உக்காருங்க. நாப்பது வருஷமா நெய்துகினு இருக்கேங்க."

கட்டின புருஷன்! நெசவாளரே இல்லை என்றார்களே என்று நேற்று அவள் வீட்டில் அழுததைப் பார்த்தவர்! பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"எழுந்துருய்யா!"

கல்யாணம் ஆன நாளாக அவரை அவள் அப்படி அதட்டியதில்லை. சம்பந்தம் திடுக்கிட்டு எழுந்தார். அவர் முகத்தில் கள்ளத்தனமே இல்லை. சொன்னது பொய் என்றே அந்த மனுஷருக்குத் தெரியவில்லை. அதைப் பார்த்துத்தான் ஜெயம் ஆடிப்போனாள்.

"நாப்பது வருஷமா யாரு நெய்துகினு இருக்கறது? இவங்களாண்ட சொல்லு. பேரைச் சொல்லு."

சம்பந்தம் தீபாவைப் பார்த்தார், தறியைப் பார்த்தார்.

"ஜெயம்" என்றார்.