மிசி நின்ற வரிசை

சனிக்கிழமை காலை மிசியின் மகன் தொலைபேசியில் அழைத்து, "அம்மா விடிய கண்ணை மூடிட்டா. வீட்டிலையும் சொல்லிவிடுங்கோ" என்றார். சொன்னேன். என் அம்மா தேநீரைக் கீழே வைத்தார். "நான் அவவின்ரை முகத்திலை எப்பிடி முழிக்கிறது?" என்றார்.

திருமதி மகேஸ்வரி அவர்கள் பருத்தித்துறைப் பக்கத்தில் மருத்துவமாதாக இருந்தவர். மருத்துவமாதை நாங்கள் மிசி என்போம். பிறகு கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் கட்டடத்தில் குடியிருந்த பலரை ஊரில் பிறந்தவுடன் ஏந்திய கைகள் அவருடையவை. என்னையும் அவரே ஏந்தினார்.

தொண்ணூறுகளின் நடுவில், புதிதாக வந்த அகதிக் குடும்பங்களுக்குக் குளிர் ஜாக்கெட் வாங்கவென்று நாங்கள் சிலர் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் நின்றோம். காசாளருக்கு அருகே நின்று சாமான்களைப் பையில் அடுக்கிக் கொடுப்போம். விரும்பியவர்கள் எங்கள் தகரப் பேணியில் சில்லறை போடுவார்கள். மிசி தாமாகவே வந்து சேர்ந்தார். "பாரமெல்லாம் அடியிலை, பிள்ளை. பாண் மூச்சு விடோணும்" என்று ரொட்டியை மேலே வைத்துக் காட்டி எனக்குப் பழக்கினார்.

வெள்ளைக்காரர் நன்றி சொல்லிப் போனார்கள். எங்கள் ஆட்கள்தான் பையைப் பிடுங்கினார்கள்.

"ஐயோ மிசி, நீங்கள் எனக்குக் கட்டித் தாறதோ? விடுங்கோ."

"உன்னையே நான்தான் துணியிலை சுத்திக் குடுத்தனான். உந்தக் கோவாவைத் தொடக் கூடாதோ?" என்று முட்டைக்கோசைப் பிடித்து இழுப்பார் மிசி.

அந்த இழுபறியில் வரிசை நின்றுவிடும். நாளடைவில் எங்கள் சனம் அவரைக் கண்டாலே அடுத்த வரிசைக்கு மாறியது. இன்னொரு முறை இப்படி நடந்தால் அவரை அங்கே நிற்கவிட முடியாது என்று முகாமையாளர் என்னிடம் சொன்னார். நான் அதை மிசியிடம் சொன்னேன்.

"பேணியோடை நிக்க எனக்கு வெக்கமில்லை. என்னைக் கண்டு ஒளிக்கினமே, அதுதான் வெக்கம். கொம்மாவும் போன கிழமை அரிசி மூட்டைக்குப் பின்னாலை நிண்டவ."

வீட்டில் கேட்டேன். "மரியாதைக்குத்தானே ஒளிச்சனான்" என்றார் அம்மா.

அடுத்த சனிக்கிழமை அம்மா வண்டிலைத் தள்ளிக்கொண்டு நேரே மிசியின் வரிசையில் வந்து நின்றார். மிசியின் முகம் மலர்ந்தது. பால், முட்டை, பருப்பு என்று ஒவ்வொன்றாக அடுக்கினார். அம்மா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆனால் மிசி குனிந்து அரிசிப் பையைத் தூக்கியபோது அந்தக் கைகள் தாமாகவே நீண்டன.

"விடுங்கோ மிசி, பாவம் வரும்."

அம்மாவின் கை இடறி மேசையிலிருந்த சோஸ் போத்தல் தரையில் உடைந்தது. வரிசை நின்றது. முகாமையாளர் வந்தார். அந்தக் கடையில் அதுவே மிசியின் கடைசி நாள்.

அன்று வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேச எங்களுக்கே கூசியது. அவர் விரும்பிச் செய்த ஒரு வேலையை மரியாதை என்று சொல்லியே பறித்துவிட்டோம். கடையில் மிசி ஒருவரையும் குறை சொல்லவில்லை. ஏப்ரனைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு, தரையில் முழங்காலிட்டு உடைந்த துண்டுகளைப் பொறுக்கினார். அம்மாவும் குனிந்தார்.

"தள்ளி நில், பிள்ளை. கையை வெட்டும்" என்றார் மிசி அம்மாவிடம்.

அம்மா அந்த ஒரு முறைதான் சொன்னபடி நின்றார். போய் வாருங்கள், மிசி.