வீட்டுக்கு ஒருத்தர்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வருகைப் பதிவில் இருக்கும், வேறெங்கும் இருக்காது. செருப்புக் கம்பெனியில் எல்லாருக்கும் அவள் ஐடியா. வயதில் சின்னவர்களுக்கு ஐடியாக்கா. பசை மேசையில் எனக்கு அடுத்த ஆள் அவள்தான். மேல்தோலை அச்சில் இழுத்துப் பொருத்தி என் பக்கம் தள்ளுவார்கள், நான் பசை தடவி அவள் பக்கம் தள்ளுவேன், அவள் சூடு காட்டி அடிப்பாகத்தை வைத்து அமுக்குவாள். கை அமுக்கிக்கொண்டிருக்கும், மூளை வேறெங்கோ ஓடிக்கொண்டிருக்கும். பசை வாடையில் எங்களுக்கெல்லாம் தலை பிளந்தபோது, முகத்துணிக்குள் எலுமிச்சைத் தோலை வைத்துக் கட்டச் சொன்னவள் அவள். சூப்பர்வைசர் வந்தால் கடைசி மேசைக்காரி இருமுவது என்ற ஏற்பாடும் அவளுடையதே. லீவு கிடைக்காதவளுக்கு, மாமியாரோடு முட்டிக்கொண்டவளுக்கு, எல்லாருக்கும் ஒரு வழி வைத்திருப்பாள். பாதி வழி முட்டுச்சந்தில் போய் நிற்கும், அது வேறு விஷயம்.

அவள் வீட்டுக்காரர் பேக்கிங்கில் இருந்தார். செருப்புக்குள் தாளைத் திணித்து, டப்பாவில் போட்டு, நாங்கள் கண்ணாலும் பார்க்காத ஏதோ ஒரு பணத்தில் விலை எழுதிய ஸ்டிக்கரை ஒட்டுவார். பேசினால் முத்து உதிர்ந்துவிடும் அவருக்கு. கேட்டதற்கும் ‘ம்’, கேட்காததற்கும் ‘ம்’. இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள். நல்ல ஜோடி என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். எனக்கென்ன தெரியும், நான் தனிக்கட்டை.

ஒருநாள் மேனேஜர் எங்களைச் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டினார். நாங்கள் செய்யும் செருப்பு மொத்தமும் ஒரு பெரிய நாட்டுக்குப் போகிறது, அந்த நாட்டோடு நம் நாட்டுக்கு ஓர் ஒப்பந்தம் இருப்பதால் அங்கே வரி இல்லை, அதை இனிமேல் புதுப்பிக்கப் போவதில்லை என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள் என்றார். வரி விழுந்தால் விலை ஏறும். விலை ஏறினால் வாங்குகிறவன் வேறு நாட்டுக்காரனிடம் போய்விடுவான்.

“நாங்க என்ன சார் தப்பு பண்ணோம்? பசை விட்டுப்போச்சா, தையல் பிரிஞ்சுதா?” என்று ஐடியா கேட்டாள்.

“உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா. செருப்பு நல்லாத்தான் இருக்கு. பெரியவங்களுக்குள்ள ஒத்துவரல.”

“பெரியவங்க சண்டை போட்டுப்பாங்க, வீட்டுக்குப் போறது நாங்களா?” என்றேன் நான். எனக்கு வாய் சும்மா இருக்காது. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார்.

முதலில் ஓவர்டைம் நின்றது. பிறகு டீ நின்றது. பிறகு ஒரு லைனே நின்றது. கடைசியில் அந்த அறிவிப்பு வந்தது. ஒரே வீட்டில் இரண்டு பேர் வேலை பார்த்தால் ஒருவர் போக வேண்டும். யார் போவது என்பதை வீட்டிலேயே பேசி முடிவு செய்துகொள்ளலாம் என்று பெருந்தன்மை வேறு. வெட்டப்போகிற ஆட்டின் கையிலேயே கத்தியைக் கொடுப்பது என்றால் இதுதான். இதில் கூத்து என்னவென்றால், வீட்டில் ஒருவர் மட்டும் வேலை பார்த்தவர்கள் கைதட்டினார்கள். “நியாயம்தானே, வீட்டுக்கு ஒருத்தர்” என்றார்கள். தன் தலை தப்பினால் போதும் மனுஷனுக்கு. நான் கைதட்டவில்லை. கையெல்லாம் பசை.

அந்த வாரம் சுற்று வட்டாரத்தில் சண்டை இல்லாத வீடு இல்லை. அண்ணன் தம்பி பேச்சை முறித்துக்கொண்டார்கள். எங்கள் லைனில் நூல் வெட்டுகிறவளின் புருஷன் வேலையை விட்டு நின்றுவிட்டு, அவளைத் தினமும் குத்திக்காட்டியே கொன்றான். ஐடியா வீட்டில் மட்டும் சத்தமில்லை. அவர் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து, “நான் நின்னுக்கறேன், வேற ஏதாவது பார்த்துக்கறேன்” என்றாராம். “சும்மா இருங்க” என்று இவள் அடக்கிவிட்டாள். மறுநாள் வேலை முடிந்து நடந்துவரும்போது என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, உங்க ரூம்ல இன்னொரு ஆள் படுக்க இடம் இருக்கில்ல?”

“இருக்கு. யாருக்கு?”

“எனக்குத்தான். நானும் அவரும் பிரிஞ்சுட்டோம்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “அடிப்பாவி, எப்போ?”

“நாளைக்கு” என்றாள்.

ஒன்றாக இருந்தால்தானே ஒரு வீடு? பிரிந்துவிட்டால் இரண்டு வீடு, இரண்டு வேலை. பிரிந்து வாழ்கிறோம் என்று எழுதி இருவரும் கம்பெனி ஆபீசரிடம் கொடுத்துவிடுவது. எப்படியும் சீக்கிரமே ஒப்பந்தத்தில் திரும்பக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள், அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டுத் தன் வீட்டுக்குத் திரும்பிவிடுவாள். இதுதான் திட்டம்.

“விளையாட்டு வினையாகும்டி” என்றேன்.

“வேலை போனா மட்டும் விளையாடிக்கிட்டா இருப்போம்?”

ஒரு பாயும் இரண்டு பையுமாக வந்து சேர்ந்தாள். மகள் அப்பாவோடு இருந்தாள், பள்ளிக்கூடம் அந்தப் பக்கம்.

எழுதிக் கொடுத்தால் போதுமா? ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. தன் புருஷன் வேலை போன வயிற்றெரிச்சலில் நூல் வெட்டுகிறவள் இவர்களையே கவனித்துக்கொண்டிருந்தாள். “பிரிஞ்ச ஜோடி மாதிரி தெரியலையே, நேத்துகூட அவருக்குத் தண்ணி பாட்டில் கொடுத்தாளே” என்று லைன் முழுக்கப் பரப்பினாள். அது ஆபீசர் காதுக்குப் போய்விட்டால் இரண்டு வேலையும் போய்விடும். ஐடியா யோசித்தாள். எல்லாரும் பார்க்க ஒரு சண்டை போட்டுவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தாள். இவள் என்ன சொல்வது, அவர் என்ன சொல்வது என்பதைக்கூட இவளே சொல்லிக்கொடுத்தாள். அவர் பங்கு ஒரே வார்த்தை: “போடி.”

ஷிப்ட் விடும் நேரம், கேட்டுக்கு வெளியே கூட்டம். “உங்களைக் கட்டிக்கிட்டு என்னத்தைக் கண்டேன், துப்புக்கெட்ட மனுஷன்!” என்று இவள் ஆரம்பித்தாள். நல்ல குரல். எல்லாரும் நின்றுவிட்டார்கள்.

அவர் ‘போடி’ என்று சொல்லவில்லை. சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தார்.

“உன் ஐடியாவைக் கேட்டுக் கேட்டு எனக்குன்னு ஒரு புத்தி இருந்ததே மறந்துபோச்சு. எந்தச் சட்டை போடணும், நீ சொல்லணும். பாப்பாவுக்கு என்ன பேரு, நீ சொல்லணும். நான் ஒரு வார்த்தை ஆரம்பிச்சா அதை நீ முடிச்சுடுவே. நான் என்ன சொல்ல வந்தேன்னு என்னிக்காவது கேட்டிருக்கியா? செத்தா எந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்கணும், அதையும் இப்பவே சொல்லிடு.”

கூட்டத்தில் சிரிப்பு. யாரோ விசிலடித்தான். நூல் வெட்டுகிறவள்கூட, “பாவம் அந்த ஆளு” என்றாள். நான் மட்டும் சிரிக்கவில்லை, ஏனென்றால் அவர் கை நடுங்கியது. கையை நடுங்கவைத்து நடிக்கிற அளவுக்கு அவர் தேர்ந்தவர் இல்லை.

ரூமுக்கு வந்து ஐடியா சிரித்த சிரிப்பு இருக்கிறதே! “பார்த்தீங்களாக்கா? நான் சொல்லிக்கொடுத்தது ஒரு வார்த்தை, அவரு எத்தனை எடுத்துவிட்டாரு! இவ்வளவு திறமையை எங்க வெச்சிருந்தாருன்னே தெரியல.”

“அது நடிப்புன்னு உனக்கு நிச்சயமா தெரியுமா?”

“போங்கக்கா, உங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம்” என்று சோற்றைப் பிசைந்தாள். நல்ல பசி அவளுக்கு.

லீவு நாளில் பின்சந்து வழியாக வீட்டுக்குப் போய், சமைத்து, துணி துவைத்துப் போட்டுவிட்டு வருவாள். முதலில் அவர் பின்கதவைத் தாழ் போடாமல் வைத்திருந்தார். பிறகு தட்ட வேண்டியிருந்தது. பிறகு, “யாராவது பார்த்துடப்போறாங்க, அடிக்கடி வராதே” என்றார். உஷாரான மனுஷன் என்று இவள் மெச்சிக்கொண்டாள். ஒருநாள் நாங்கள் இருவரும் கடைக்குப் போகும்போது மகள் எதிரே வந்தாள். தெருவில் அம்மாவைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளக்கூடாது என்று அவளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். பிள்ளை தோழியோடு பேசிக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனது. கண்ணைக்கூடத் திருப்பவில்லை. “என்ன சமர்த்து பாருங்க” என்றாள் ஐடியா. கடையில் என்ன வாங்க வந்தோம் என்பதே மறந்துபோய்ச் சும்மா நின்றாள்.

ஒப்பந்தத்தின் கெடு முடிந்தது. யாரும் கையெழுத்துப் போடவில்லை. வரி விழுந்தது, ஆர்டர் பாதியாகப் போனது, கம்பெனி இரண்டாவது பட்டியலைச் சுவரில் ஒட்டியது. இந்தத் தடவை வேறு நியாயம்: பிள்ளைகுட்டி உள்ளவர்கள் இருக்கட்டும், தனி ஆட்கள் போகட்டும். என் பெயர் இருந்தது. எனக்கு யாரும் இல்லை என்பது எனக்கே தெரியும், சுவரில் ஒட்டித்தான் சொல்ல வேண்டுமா பாவிகள்? எனக்குக் கீழே அவள் பெயர்.

நேராக ஆபீசரிடம் போனாள். “எனக்கும் பிள்ளை இருக்கு சார்.”

“பிள்ளை அப்பாகிட்ட இருக்குன்னு நீங்கதானேம்மா எழுதிக் கொடுத்தீங்க?”

“பார்த்துக்கறது நான்தான் சார்.”

ஆபீசர் பேக்கிங்கிலிருந்து அவரை வரச்சொன்னார். இவள் பக்கத்திலேயே நிற்கவைத்துக் கேட்டார். “பிள்ளையை இவங்கதான் பார்த்துக்கறாங்களா?”

“இல்ல சார். எப்பவாவது வந்து பார்த்துட்டுப் போவாங்க.”

‘போவா’ என்றுகூட இல்லை, ‘போவாங்க’. அந்நியப் பெண்ணைச் சொல்வதுபோல மரியாதையோடு சொன்னார். இதை என்னிடம் சொன்னதே அவள்தான், அதுவும் பெருமையாக. “வேற என்னக்கா சொல்லுவாரு? ஆமான்னு சொல்லியிருந்தா பொய் வெளிய வந்து ரெண்டு பேரையும் துரத்தியிருப்பாங்க. ஒரு வேலையாவது மிஞ்சிச்சே. புத்திசாலி.” சொல்லிக்கொண்டே வந்தவள், ரூம் வாசலில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஒரு வேலை மிஞ்சியதற்கு யாரும் அப்படி அழ மாட்டார்கள்.

அதன்பிறகு இருவரும் ஆபீஸ்களில் தரை துடைக்கப் போனோம். கூட்டிப் பெருக்குவதற்கு எந்த நாட்டோடும் ஒப்பந்தம் வேண்டியதில்லை. அவருடைய வேலை இருக்கிறவரை அவள் வீட்டுக்குப் போகமுடியாது. போனால் பொய் தெரிந்துவிடும். பின்கதவையும் அவர் சாத்திவிட்டார். தன் வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் ஒன்று ஒப்பந்தம் வரவேண்டும், இல்லையென்றால் கம்பெனி மூடவேண்டும். இப்படி ஒரு பெண்ணை நிறுத்திவைத்தவர்கள் எந்த நாட்டில், எந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறார்களோ! அவர்கள் நாசமாய்ப் போக.

கம்பெனி மூடியது. மிச்சமிருந்தவர்கள் கேட்டுக்கு வெளியே நின்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள். நூல் வெட்டுகிறவள் மண்ணில் விழுந்து புரண்டாள். அந்த வட்டாரத்தில் அன்று சிரித்த முகம் ஒன்றே ஒன்றுதான். ஐடியா குளித்து, இருப்பதில் நல்ல துணியை உடுத்திக்கொண்டு, பாயைச் சுருட்டினாள். “எழுந்திருங்கக்கா, ஒரு பையை நீங்க தூக்குங்க. இனிமே யாருக்குப் பயப்படணும்?” பின்சந்தில் போகவில்லை. பட்டப்பகலில், முன்தெருவில், நிமிர்ந்து நடந்தாள்.

கதவு திறந்திருந்தது. அவர் டம்ளரில் டீயோடு தரையில் உட்கார்ந்திருந்தார். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து இன்னும் வரவில்லை. வீடு சுத்தமாக இருந்தது. சாமான்களெல்லாம் இடம் மாறியிருந்தன.

“வாங்கக்கா” என்றார் என்னைப் பார்த்து. அவளைப் பார்த்து, “என்ன, பையெல்லாம்?” என்றார்.

“என்ன பையா? கம்பெனி மூடியாச்சு, தெரியாதா? அடுப்பை ஏன் அந்தப் பக்கம் வெச்சிருக்கீங்க, முதல்ல அதை...”

“அது அங்கேயே இருக்கட்டும்.”

அவள் நின்றுவிட்டாள். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். கை நடுங்கவில்லை.

“காலையில கம்பெனியைப் பூட்டினாங்க. எல்லாரும் அழுதாங்க. எனக்கு அழுகை வரல. வேலை போனதுகூடப் பெருசாத் தெரியல. இனிமே நீ திரும்பி வந்துடுவியேன்னுதான் பயமா இருந்துச்சு.”

அவள் சிரித்தாள். உண்மையாகவே சிரித்தாள், பாவி. “போதும், நடிக்காதீங்க. இங்க கம்பெனி ஆளுங்க யாரும் இல்ல.”

“யாரும் இல்லைங்கறதாலதான் சொல்றேன்.”

அவள் சிரித்த முகத்தோடு அப்படியே என் பக்கம் திரும்பினாள். நான் என் கையிலிருந்த பையைக் கீழே வைக்கவில்லை.