காருக்கு விட்ட இடம்

எங்கள் தெருவில் எல்லா வீடும் தெற்குச் சுவரை ஒட்டித்தான் இருந்தது. வடக்கே சந்து, கிழக்கே வாசல். பிளானில் அப்படி இல்லை. நாலு பக்கமும் இடம் விடணும் என்று இருந்தது. கட்டின மேஸ்திரி அதைப் பார்க்கவில்லை.

"நாங்க வேதக்காரங்க. வாஸ்து எல்லாம் வேணாம் மேஸ்திரி" என்றேன்.

"ஏசப்பா மேல கீறாரு நைனா. ஈசானி மூலை கீழ கீது. அத்த அடைச்சா என் கை வெளங்காது."

விட்டுவிட்டேன். தெரு முழுக்க அவன் கை. ஒருத்தன் சுவர் அடுத்தவன் சந்தில் நிற்கும். காற்று வந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

எண்பதுகளின் கடைசி அது. அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் வீடு, அம்பத்தூர் எஸ்டேட்டில் எனக்கு வேலை. அக்காவின் புருஷன் வேறொருத்தியோடு போய்விட்டான். அக்கா ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்களிடம் வந்தாள். எஸ்டேட்டிலேயே ஒரு துணி கம்பெனியில் சேர்ந்தாள். கூடத்தில் படுத்தாள்.

என் பெண்டாட்டி அவளை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அக்காதான் சொன்னாள்.

"உன் பொண்டாட்டி நல்லவதான்டா. நல்லவ ஊட்லயும் லைட்ட அணைக்கலாமான்னு கேட்டுக்கினே இருக்க முடியுமா? எனக்குன்னு ஒரு கதவு வேணும்."

கொல்லையில், தென்மேற்கு மூலையில் ஒரு ரூம் போட்டேன். மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு. கதவை அவளே பழைய மரக்கடையில் வாங்கி வந்தாள். நீல பெயிண்டு அடித்தாள். குடிபோன அன்று சாயங்காலம் உள்ளே தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

சில வருஷம் நன்றாகப் போனது. தெற்குப் பக்கத்து மனை காலியாகக் கிடந்தது. அதை ஒரு ஆபீசர் வாங்கிக் கட்டினார். அவருக்கும் வடக்கே சந்து. சந்தில் நின்றால் என் சுவர். பால் காய்ச்சினபோது அக்காதான் கோலம் போட்டுக் கொடுத்தாள்.

கொஞ்ச நாளில் முனிசிபாலிட்டியிலிருந்து டேப்போடு இரண்டு பேர் வந்தார்கள். புகார் வந்திருக்கிறதாம்.

"பின்னாடி இடம் விடல, சைடுலயும் விடல. ஆள் குடியிருக்கிற ரூம் இங்க வரக் கூடாது. இடிச்சிடு."

"தெருவே இப்படித்தான் கீது சார்."

"தெரு மேல புகார் வரலையே. உன் மேலதான் வந்திருக்கு."

"எங்க அக்கா சார். எங்க போவும்?"

"உள்ள வெச்சுக்கயேன்யா. கூடப் பொறந்தவதானே?"

அந்த வார்த்தை இன்னும் எரிகிறது. அவன் ஷீட்டை அண்ணாந்து பார்த்தான். கதவைப் பார்க்கவில்லை.

ஆபீசர் வீட்டுக்குப் போனேன். "எழுதிப் போட்டது நீங்கதானே சார்?"

"சட்டம்னு ஒண்ணு இருக்கில்லப்பா. உன் மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல" என்றார். சொல்லிவிட்டுத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

நானே இடித்தேன். அவர்கள் வந்து இடித்தால் வீட்டுச் சுவரும் போகும் என்றார்கள். நான் கடப்பாரை பிடித்தேன், அக்கா கல்லைச் சுமந்தாள். எங்களோடு உள்ளே இரு என்று கெஞ்சினேன்.

"மறுபடியும் கூடத்துலயா? போடா."

திருநின்றவூரில் வாடகைக்கு ஒரு ரூம் பார்த்தாள். அங்கிருந்து ரயிலில் வேலைக்கு வந்தாள். நீலக் கதவு என் கொல்லைச் சுவரில் சாய்ந்து நின்றது.

அந்த வருஷமே ஆபீசர் கார் வாங்கினார். சந்தின் கோடியில், என் சுவரை ஒட்டி ஷெட் போட்டார். அக்கா தலை வைத்துப் படுத்த இடத்துக்கு நேர் அந்தப் பக்கம். சுவர் ஒன்றுதான் நடுவில். கட்டினவன் அதே மேஸ்திரி.

"வாயு மூலை நைனா. வண்டி நிக்க தோதான எடம்" என்றான்.

"உன் மூலையில தீய வெக்க" என்றேன். அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முனிசிபாலிட்டி ஆபீசுக்குப் போய்க் கேட்டேன். டேப்போடு வந்த அதே ஆள்தான். "கார் ஷெட்டுக்கு விதி இருக்குய்யா. அதுல ஆள் குடியிருந்தாதான் தப்பு."

நான் அதிகம் படிக்கவில்லை. இதைப் புரிந்துகொள்ளப் படிப்பு வேண்டாம். பின்பக்கம் கார் தங்கலாம். புருஷன் விட்டுப் போனவள் தங்கக் கூடாது. அந்த விதியை எழுதினவன் வீட்டில் கார் இருந்திருக்கும். அக்கா இருந்திருக்க மாட்டாள்.

அக்கா ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வருவாள். சாப்பிடுவாள். கொல்லையில் போய் நின்று, சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி சத்தமாகக் கேட்பாள்.

"இன்னாடா தம்பி, காரு நல்லாத் தூங்குதா?"

இருட்டுவதற்குள் கிளம்பிவிடுவாள். இன்னிக்கு ஒரு நாள் தங்கேன் என்று பெண்டாட்டி சொல்வாள். ஒரு நாளும் தங்கியதில்லை.