ஆறுமணிக்குருவியும் ஒரு சுளுக்கும்

எழுபதுகளின் கடைசியில், ஆறுமணிக்குருவியைப் பார்ப்பதற்காக இரண்டு பனிக்காலம் ஜவ்வாது மலைக்குப் போனேன். வடக்கேயிருந்து வந்து தங்கும் அந்தப் பறவை, காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் குரல் கொடுக்கும். குரல் கேட்டது, குருவியைக் காணோம். பைனாகுலரோடு மரம் மரமாக அண்ணாந்து நின்றதில் முகத்தில் விழுந்த எச்சம்தான் மிச்சம்.

விடுதியில் பக்கத்து அறைக்காரர், தோல் பதனிட ஆவாரம்பட்டை வாங்க வந்த வாணியம்பாடி பாய். பருத்த உடம்பு, மருதாணிச் சிவப்பில் தாடி. கழுத்துச் சுளுக்கால் தரையைப் பார்த்தே நடந்தார். எதிரே வருபவரைச் செருப்பை வைத்தே அடையாளம் கண்டு சலாம் சொன்னார்.

ஒரு மாலை என் செருப்பிடம் கேட்டார்: "இன்னா சார் தேடுறீங்க?"

சொன்னேன்.

"பச்ச முதுகு, வயித்துக்கடியில செவப்பு, அதுவா? பொதருக்குக் கீழ சருகக் கிளறிக்கினு இருக்குமே! தெனம் பாக்கறேன். வாலே இல்ல. யாரோ புடுங்கிட்டாங்கன்னு நெனச்சேன், பாவம்."

அதேதான். எனக்கு வயிறு எரிந்தது. "நான் இன்னும் பார்க்கவே இல்லை, பாய்."

அவர் உண்மையாகவே வருந்தினார். "கவலப்படாதீங்க சார். உங்களுக்கும் சுளுக்கு வரணும்னு துவா செய்றேன்."

மனிதர் மனதாரத்தான் சொன்னார். அதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.