கடல் விமானத்தின் வாலுக்குள்

யுத்தம் முடிந்ததும் அநாதையாகக் கிடந்த ராட்சத விமானம் ஒன்றை ராயபுரத்துக் கொட்டகைக்குள் இழுத்து வந்திருந்தார்கள். கடல் தண்ணீரிலேயே இறங்குகிற ஜாதி. உப்பு தின்ற தகடுகளை மாற்றி, ஜனங்கள் பார்க்கக் காட்சிக்கு வைக்கப் போவதாகப் பேச்சு. தகடு அடிக்கிற வேலை என் புருஷனுக்குக் கிடைத்தது. எனக்குச் சனி பிடித்தது.

காலடிப்பேட்டை வீட்டுக்கு வந்தாலும் அதே பேச்சுதான். "இன்னா உடம்புமே அதுக்கு! மூக்கு எப்டி வளைஞ்சிகீது தெரியுமா?" என்பார், சோற்றைப் பிசைந்துகொண்டே. கல்யாணமானதிலிருந்து என் மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஒருநாள் சாப்பாட்டைச் சாக்காக வைத்து நானே போனேன். அவளை ஒரு பார்வை பார்க்க வேண்டும். விமானம்தான், ஆனால் மனசுக்குள் 'அவள்' என்றுதான் வந்தது. என் புருஷன் கன்னத்தைத் தகட்டில் வைத்து, ஒற்றைக் கண்ணை மூடி, நெளிவு பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வயிறு எரிந்தது.

அன்றைக்கு வால் பக்கம் வேலை நின்றிருந்தது. வெளியே தகட்டில் ரிவிட் ஆணி அடிக்கும்போது உள்ளே ஒருவர் இரும்புக் கட்டையை முட்டுக் கொடுத்துப் பிடிக்க வேண்டும். அந்தச் சந்தில் ஆம்பளைகள் தோள் நுழையவில்லை. மேஸ்திரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ பூந்து பாக்கிறியாம்மா?"

"அதெல்லாம் வாணாம்" என்றார் என் புருஷன். அவர் அப்படிச் சொன்னதால்தான் நுழைந்தேன்.

உள்ளே இருட்டு, எண்ணெய் நாற்றம். ஒவ்வொரு அடிக்கும் எலும்பு வரை அதிர்ந்தது.

"கெட்டியா புடிமே!" வெளியிலிருந்து என் புருஷன் குரல்.

"புடிச்சிகினுதான் கீறேன், நீ அடிய்யா!"

மாலையில் மேஸ்திரி எல்லோர் காதிலும் விழச் சொன்னார்: "உன் சம்சாரம் வந்தப்புறம்தான்யா ஒரு ரிவிட்டு கூட கோணலாப் போவல."

வீடு வரை என் புருஷன் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். பிறகு, "நாளிக்கு நீ வராத" என்றார்.

"இன்னாத்துக்கு?"

"அது என் வேல."

அந்தக் குரலில் இருந்தது என்னவென்று எனக்குத் தெரியாதா? மாசக்கணக்கில் நான் தின்று செரிக்காத பொறாமை அது. பாவமாகவும் இருந்தது, இனிக்கவும் செய்தது. மறுநாள் அவருக்கு முன்னால் நான் கிளம்பினேன். வால் வேலை முடியும்வரை தினமும் போனேன்.

காட்சிக்குத் திறந்த அன்று தெருப் பெண்களெல்லாம் வந்தார்கள். அவர் ஒவ்வொரு தகடாகக் காட்டிக்கொண்டே நடந்தார். வாலருகே வந்ததும் கழுத்தைச் சொறிந்தார். "இது... எங்க ரெண்டு பேர் வேல."

எனக்கு அது போதுமாகத்தான் இருந்தது. அதற்குள் எதிர்வீட்டுக்காரி அந்தத் தகட்டை ஆசையாகத் தடவினாள்.

"கைய எடு, கறை படும்" என்றேன். அவர் சொல்லியிருக்க வேண்டியது, நான் முந்திக்கொண்டேன்.