பத்தொன்பதாம் பக்கத்து மீன்

ஸ்கார்பெக் நூலகத்தில் கிறிஸ்துமஸ் துப்பறியும் கதைகளின் அலமாரியை அடுக்குவது பதினோரு வருடமாக க்ளெனிஸின் வேலை. அந்தக் கதைகளைக் கண்டாலே அவளுக்குக் குமட்டும். அட்டையில் தவறாமல் பனியும் பூனையும். முதல் அத்தியாயத்தில் பாதிரியார் செத்துக் கிடப்பார். யார் கண்ணிலும் ஒரு சொட்டு வராது. கொலைகாரனைப் பிடித்த கையோடு எல்லாரும் புட்டிங் தின்பார்கள். விதவைக்கு ஒரு ரொட்டிக்கடைக்காரன் கிடைப்பான். க்ளெனிஸின் கணவர் வில்ஃப் இறந்து ஒன்பது மாதம். ரொட்டிக்கடைக்காரன் எவனும் வரவில்லை. துக்க வீட்டுக்கென்று அக்கம்பக்கத்தார் கொண்டுவந்த சூப்பும் இரண்டே வாரத்தில் நின்றுபோனது.

கதைகளைவிட அருவருப்பு, வாசகர்களின் பென்சில் கிறுக்கல். எல்லாக் கதையும் ஒன்றுபோல் இருப்பதால், படித்ததை மறுபடி எடுத்துவிடாமலிருக்க ஆளாளுக்கு ஒரு பக்கத்தில் அடையாளம் போட்டுவைப்பார்கள். க்ளெனிஸ் ரப்பரால் அழித்துவிடுவாள்.

அன்று வாசகி டோரா பிக்கரிங் ஒரு புத்தகத்தை மேசையில் அறைந்தாள்.

"என் நட்சத்திரத்தை எவளோ அழிச்சுத் தொலைச்சிருக்கா! போன வருஷம் படிச்ச எழவையே பாதிக்கு மேல படிச்சிட்டேன்."

"கிறுக்கறதுக்கு இது என்ன உங்க வீட்டுச் சுவரா?"

"ஆமா, பெரிய வேதப்புத்தகம்! உன் வீட்டுக்காரர் மட்டும் யோக்கியமாக்கும்? பத்தொன்பதாம் பக்கத்துல குட்டியா ஒரு மீன் போடுவாரு. 'அவகிட்ட சொல்லிடாத, கொன்னுடுவா'ம்பாரு."

க்ளெனிஸுக்கு அந்த மீன்களைத் தெரியும். யாருடையவை என்று தெரியாமலே எத்தனையோ அழித்திருக்கிறாள்.

மூன்று கிறிஸ்துமஸுக்குத் தொடர்ந்து வில்ஃப் ஒரே புத்தகத்தை, தேவாலய மணியடிப்பவர் கொலையுண்ட கதையை, எடுத்துவந்தார். "மூளை கரைஞ்சுபோச்சா உனக்கு?" என்று க்ளெனிஸ் மகள் முன்னால் கேலி செய்தாள். மூன்றாம் முறை அவர் சிரிக்கவில்லை. தனியாகப் போய் மருத்துவரிடம் ஞாபகசக்தியைச் சோதித்துக்கொண்டு வந்தார். குறை ஒன்றுமில்லை என்றார்கள். சாகும்வரை அவர் அதை நம்பவில்லை.

அந்தப் புத்தகத்தை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். பத்தொன்பதாம் பக்கம் பளிச்சென்றிருந்தது. வேலையில் அவள் அவ்வளவு சுத்தம். ஆனால் வில்ஃப் அழுத்தி எழுதுகிறவர். தாளில் மூன்று மீன்களின் தடம், ஒன்றன்மேல் ஒன்றாக, சற்றே விலகி.

தன் விரல்களைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"பென்சில் இருக்கா, டோரா?"

மூன்று தடங்களின் மேலும் மெல்லக் கோடிழுத்தாள். பிறகு டோராவின் புத்தகத்தை முன்னால் இழுத்தாள்.

"உங்க நட்சத்திரம் எந்தப் பக்கம்? சொல்லுங்க."

ரப்பரை ஆரஞ்சுத் தோல் கிடந்த குப்பைக்கூடையில் எறிந்தாள். விரலிலிருந்து ரப்பர் நாற்றம் மட்டும் போகவில்லை.